ஷோரூம் சொல்லும் டிரைவ்டிரெயின் சர்வீஸ்: இப்போதே செய்வதா, காத்திருப்பதா?

என்ஜின் ஆயில் மாற்றுவதற்காக வண்டியை விட்டுவிட்டு வந்திருப்பீர்கள். மத்தியானம் சர்வீஸ் அட்வைசர் கூப்பிடுவார். "கியர் பாக்ஸ் ஆயில் நல்லா கருத்துப் போச்சுங்க. இத்தனை கிலோமீட்டருக்கு டிரைவ்டிரெயின் சர்வீஸ் ஒண்ணு செஞ்சுடணும். வண்டி லிஃப்ட்லதான் இருக்கு, சொன்னீங்கன்னா இப்பவே முடிச்சுடலாம்." ஒரு தொகையும் சொல்வார். நீங்கள் கட்ட நினைத்திருந்த பில்லைப் போல அது பல மடங்கு இருக்கும். பதில் சொல்ல உங்களுக்குக் கிடைப்பது ஒரு நிமிடம்.

அந்த ஒரு நிமிடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: இது உண்மையிலேயே தேவையா, இல்லை நம்மை ஏமாற்றுகிறார்களா? நான் இரண்டு பக்கமும் தவறியிருக்கிறேன். முன்சக்கரம் மட்டும் இழுக்கும் என் முதல் காருக்கு, டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில் மாற்றியதாக ஒரு பில் கட்டினேன். நான்கு சக்கர இழுவை வண்டியில் முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. அந்தக் காரில் டிரான்ஸ்ஃபர் கேஸே கிடையாது. அந்தக் கோபம் ஆறாமல், அடுத்த வண்டியில் பின் டிஃபரன்ஷியல் (திருப்பத்தில் இடது, வலது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பற்சக்கரப் பெட்டி) ஆயிலை மாற்றச் சொன்னபோது ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டேன். அந்த முறை அவர்கள் சொன்னது சரி. சத்தம் வர ஆரம்பித்த பிறகு திறந்து பார்த்தால், தண்ணீர் புகுந்து ஆயில் வெளுத்துப் போயிருந்தது. இரண்டு முறையும் சொன்ன ஆளைப் பார்த்து முடிவெடுத்தேன், ஆயிலைப் பார்க்கவில்லை.

அதனால் இந்தக் கட்டுரையில் ஷோரூம் நல்லதா கெட்டதா என்ற பேச்சு வேண்டாம். எந்தப் பெட்டி, எந்த ஆயில், யார் போட்ட கணக்கு என்ற மூன்றையும் வைத்து, உங்கள் முன்னால் இருக்கும் நான்கு வழிகளையும் எடைபோட்டுப் பார்ப்போம்.

## முதலில் அந்தப் பெயரைப் பிரியுங்கள்

டிரைவ்டிரெயின் சர்வீஸ் என்பது ஒரு தனி வேலையின் பெயர் அல்ல. என்ஜினின் சக்தியைச் சக்கரம் வரை கொண்டுபோகும் எல்லா உறுப்புகளுக்கும் சேர்த்து டிரைவ்டிரெயின் என்று பெயர். கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாக இருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் அல்லது தேவைப்படும்போது மட்டும் பின் அச்சை இணைக்கும் கப்ளிங், பின்னால் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட், சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸில்கள், அவற்றின் மூட்டை மூடும் ரப்பர் உறையான பூட் எல்லாம் இதில் அடக்கம். ஒவ்வொன்றுக்கும் ஆயில் வேறு, கணக்கு வேறு.

முன்சக்கரம் இழுக்கும் பெரும்பாலான கார்களில் கியர் பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே உறைக்குள் ஒரே ஆயிலில் ஓடுகின்றன. அப்படிப்பட்ட வண்டிக்கு "டிஃபரன்ஷியல் ஆயில்" என்று தனி வரி எஸ்டிமேட்டில் இருந்தால், அது எதற்கு என்று கேட்டே ஆகவேண்டும். விதிவிலக்கும் உண்டு. சுபாருவின் ஆட்டோமேட்டிக் வண்டிகளில் முன் டிஃபரன்ஷியலுக்குத் தனி ஆயில், தனி வடிகால் பிளக். உங்கள் வண்டியில் என்னென்ன பெட்டி இருக்கிறது என்பது வண்டியோடு வந்த கையேட்டின் கடைசிப் பக்கங்களில், ஆயில் வகையும் கொள்ளளவும் போட்ட பட்டியலில் இருக்கும். அந்தப் பட்டியலில் இல்லாத பெட்டிக்கு யாரும் ஆயில் மாற்ற முடியாது. ஒரு நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனைகளில் இதைவிடப் பலன் தருவது எனக்குத் தெரிந்து வேறில்லை.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

கையேடு சொல்லும் கணக்கு. "கம்பெனி சிபாரிசு" என்று அட்வைசர் சொல்லும்போது அது வண்டியைச் செய்த கம்பெனியா, அந்த ஷோரூமா என்பது தெளிவாக இருக்காது. வண்டி செய்தவரின் கணக்கு கையேட்டில் அச்சில் இருக்கிறது. ஷோரூமின் கணக்கு சுவரில் மாட்டிய பட்டியலிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கையேட்டைப் பார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பல ஆங்கிலக் கையேடுகளின் அட்டவணையில் "ஐ" என்ற எழுத்து பரிசோதிப்பதையும், "ஆர்" என்ற எழுத்து மாற்றுவதையும் குறிக்கும். பரிசோதிக்கச் சொன்ன கிலோமீட்டரிலேயே மாற்றிவிடச் சொல்வது அடிக்கடி நடக்கிறது.

நீங்கள் ஓட்டும் விதம். பெரும்பாலான கையேடுகளில் சாதாரண ஓட்டம், கடுமையான ஓட்டம் என்று இரண்டு கணக்கு உண்டு. கடுமையான ஓட்டம் என்றதும் காட்டுக்குள் ஓட்டுவதை நினைத்துக்கொள்கிறோம். அவர்கள் பட்டியலிடுவது இதை: எட்டு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது, வெயிலில் நெரிசலுக்குள் ஊர்ந்து போவது, புழுதி, மலைப்பாதை, டிரெய்லர் இழுப்பது, டாக்ஸி அல்லது டெலிவரி ஓட்டம். நகரத்தில் தினமும் நெரிசலில் நின்று நின்று போகிற வண்டிக்கு நான் கடுமையான கணக்கைத்தான் எடுத்துக்கொள்வேன். பணத்தை மிச்சம் பிடிக்க நினைத்து எல்லோரும் சாதாரணக் கணக்கில் தங்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

வண்டி காட்டும் அறிகுறி. இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் அதிகமாக ஏமாறுவது இங்கேதான்.

வாரண்டி. வாரண்டி காலத்தில் கையேடு சொன்னதைச் சொன்ன நேரத்தில் செய்து, அதற்கு எழுத்தில் ஆதாரம் வைத்திருக்க வேண்டும். ஷோரூம் கூடுதலாகச் சிபாரிசு செய்ததை மறுத்ததால் மட்டும் வாரண்டி போகும் என்று யாராவது சொன்னால், வாரண்டி புத்தகத்தில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

பழைய வரலாறு. பழைய காராக வாங்கியிருந்து, இதற்கு முன் ஆயில் மாற்றினார்களா என்று தெரியாவிட்டால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்வது நல்லது.

தவறினால் எவ்வளவு நட்டம். தேவையில்லாமல் ஒரு முறை ஆயில் மாற்றினால் போவது அந்த ஆயிலின் காசும் கூலியும். தேவைப்பட்ட நேரத்தில் மாற்றாமல் விட்டால், கியர் பாக்ஸையே இறக்கவேண்டி வரலாம். இரண்டு நட்டமும் ஒரே அளவு இல்லை. அதனால் உண்மையிலேயே சந்தேகம் இருக்கும் இடத்தில் நான் ஆயில் மாற்றும் பக்கம் சாய்வேன். ஆனால் ஆயிலை மட்டும். கூடச் சேர்த்துவிடும் கிளீனர், சேர்மானம், "பாதுகாப்பு பேக்கேஜ்" எதற்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

## "ஆயில் கருத்துப் போச்சு" என்பது எவ்வளவு பெரிய சாட்சி?

பல புது வண்டிகளின் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் அளவுக்கோலே கிடையாது. ஆயிலைப் பார்க்க வேண்டுமானால் வண்டியை லிஃப்டில் ஏற்றி, குறிப்பிட்ட வெப்பநிலைக்கு வரவிட்டு, பக்கத்துப் பிளக்கைக் கழற்ற வேண்டும். என்ஜின் ஆயில் மாற்ற வந்த வண்டிக்கு யாரும் அதைச் சும்மா செய்வதில்லை. எனவே "கருத்துப் போச்சு" என்று சொன்னால் "எப்படிப் பார்த்தீங்க?" என்று பணிவாகக் கேளுங்கள். பிளக்கைக் கழற்றிப் பார்த்தவர் அதை நேராகச் சொல்வார். கம்ப்யூட்டரில் கிலோமீட்டரை வைத்து வந்த சிபாரிசாக இருந்தால் அதுவும் பதிலிலேயே தெரிந்துவிடும்.

பார்த்தே சொல்கிறார் என்றாலும், நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பெரும்பாலான ஆட்டோமேட்டிக் ஆயில்கள் புதிதில் சிவப்பு. ஓட ஓடக் கருஞ்சிவப்பாகிப் பழுப்பாவது இயல்பு. எல்லா ஆயிலும் சிவப்பும் இல்லை. இசட்எஃப் கம்பெனியின் எட்டு கியர் பெட்டிக்கான ஆயில் பச்சை. சிவிடி (தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட்டும் புல்லியும் வைத்து வேகம் மாற்றும் ஆட்டோமேட்டிக்) ஆயில்களிலும் பச்சை, நீலம் உண்டு. புது ஆயிலையும் பழைய ஆயிலையும் இரண்டு குப்பியில் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினால், எந்த வண்டியின் ஆயிலும் மோசமாகத்தான் தெரியும்.

நிறத்தைவிட நம்பக்கூடிய சாட்சிகள் சில உண்டு. கருகிய வாடை அடித்தால், கிளட்ச் தகடுகள் சூடேறியிருக்கின்றன. அடித்தட்டில் இருக்கும் காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது தேய்மானத்தின் இயல்பு. கையில் நெருடும் சிராய்களோ துண்டுகளோ இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இன்னும் உறுதி வேண்டுமானால் ஆயிலில் கொஞ்சம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். இரும்பு, செம்பு, தண்ணீர், பிசுபிசுப்பு எல்லாவற்றையும் அளந்து தருவார்கள். விலையுள்ள வண்டி, வரலாறு தெரியாத வண்டி என்றால் அது வீண்செலவில்லை.

அப்புறம், ஓட்டும்போதே தெரிபவை. கியரை டி-யிலோ (முன்னால் போக) ஆர்-இலோ (பின்னால் போக) போட்டதும் ஒரு நொடி தயங்கிப் பிறகு இழுப்பது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் என்ஜின் மட்டும் உறுமி, வேகம் ஏறாமல் நழுவுவது. சீரான வேகத்தில் மெல்ல மிதித்திருக்கும்போது கரடுமுரடான ரோட்டில் போவது போல நடுங்குவது. வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் டிஃபரன்ஷியலைக் காட்டும். வண்டியை ஒடித்துத் திருப்பும்போது முனகினால் கப்ளிங் அல்லது லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும்) டிஃபரன்ஷியல். திருப்பும்போது டக் டக் என்று கேட்டால் ஆக்ஸிலின் ஜாயிண்ட்.

இவற்றில் நடுக்கமும் முனகலும் ஆயில் மாற்றினாலே பல சமயம் போய்விடும். நழுவுவதும் டக் டக் சத்தமும் பெரும்பாலும் போகாது. நழுவுகிற கியர் பாக்ஸுக்கு ஃப்ளஷ் (இயந்திரம் வைத்து ஆயில் முழுவதையும் மாற்றுவது) செய்துகொள்ளச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முதலில் ஸ்கேனர் போட்டு வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுக் குறியீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

## வழி 1: ஷோரூம் சொன்னதை அப்படியே செய்வது

இதில் இருக்கும் நன்மையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. உங்கள் மாடலை அவர்கள் தினமும் கழற்றுகிறார்கள். சரியான ஆயில், சரியான ஸ்கேனர், வெப்பநிலை பார்த்து அளவு வைக்கும் முறை எல்லாம் கையில் இருக்கிறது. செய்த வேலை கம்பெனியின் பதிவில் ஏறுகிறது. வாரண்டிக்கும், பிற்காலத்தில் விற்பதற்கும் அது பேசும்.

மறைந்திருக்கும் செலவு பேக்கேஜில் இருக்கிறது. தேவையான ஒரு வேலையோடு தேவையில்லாத இரண்டு வேலை சேர்ந்து வரும். கிளீனர் பாட்டில், சேர்மானப் பாட்டில் என்று தனித்தனியாக விலை ஏறும். "ஃப்ளஷ்" என்று சொன்னதில் ஃபில்டர் சேர்ந்திருக்கிறதா என்பது கேட்டால்தான் தெரியும்.

வாரண்டியில் இருக்கும் டிசிடி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்), சிவிடி, கப்ளிங் உள்ள நான்கு சக்கர இழுவை வண்டிகளுக்கு, கையேட்டின் கணக்கும் வந்துவிட்டது என்றால், யோசிக்காமல் இந்த வழி. மற்றவர்கள் அடுத்ததைப் பாருங்கள்.

## வழி 2: அதே ஷோரூம், கையேட்டில் உள்ளது மட்டும்

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான், ஆனால் இப்படிக் கேட்கலாம் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை. "பேக்கேஜ் வேண்டாம், கையேட்டுக் கணக்குப்படி கியர் பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும் மட்டும் மாத்துங்க, எஸ்டிமேட்டை வரி வரியா பிரிச்சு அனுப்புங்க" என்று சொன்னால் போதும். முதல் வழியின் நன்மை முழுவதும் இதிலும் கிடைக்கும், தேவையற்ற வரிகள் விழுந்துவிடும்.

இதிலும் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது: கையேட்டையே வேதமாகப் பிடித்துக்கொள்வது. சில வண்டிகளில் கியர் பாக்ஸ் ஆயில் "ஆயுட்காலத்துக்கும்" போதும் என்று எழுதியிருப்பார்கள். யாருடைய ஆயுள் என்று எழுதமாட்டார்கள். பல கார் கம்பெனிகளுக்கு ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்எஃப், தன் பெட்டிகளுக்கு ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது அதிகபட்சம் 8 ஆண்டுகளுக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. அதே பெட்டியைப் போட்ட காரின் கையேட்டில் மாற்றும் கணக்கே இல்லாமல் இருப்பதும் உண்டு. வண்டியைப் பத்துப் பன்னிரண்டு வருடம் வைத்துக்கொள்ள நினைப்பவர் பெட்டியைச் செய்தவரின் பேச்சைக் கேட்பதே நல்லது. மூன்று வருடத்தில் விற்றுவிடுபவருக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் அவரிடமிருந்து வாங்குகிறவருக்கு இருக்கிறது.

## வழி 3: வெளியே ஒரு மெக்கானிக்கிடம்

கூலி குறையும். ஒரே ஆள் வருடக்கணக்காக உங்கள் வண்டியைப் பார்த்துவந்தால் அதன் பேச்சு அவருக்குப் புரியும். மேனுவல் கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றுக்கும் இந்த வழியைத் தாராளமாகச் சொல்வேன். அவை வடித்து ஊற்றும் வேலைகள். வாஷர் புதிதாகப் போட்டு, சொன்ன அளவுக்கு ஊற்றி, பிளக்கைச் சரியான இறுக்கத்தில் மாட்டினால் முடிந்தது.

ஆபத்து, ஆயில் தேர்வில் இருக்கிறது. "எல்லா வண்டிக்கும் சேரும்" என்ற ஆயிலை சிவிடியில் ஊற்றக்கூடாது. சிவிடியில் உலோக பெல்ட்டும் புல்லியும் நழுவாமல் பிடித்துக்கொள்வதே அந்த ஆயிலின் பிடிமானக் குணத்தால்தான். மேனுவல் கியரிலும் ஒன்று உண்டு: ஜிஎல்-4 (கியர் ஆயில் வகையின் குறியீடு) கேட்கும் பழைய பெட்டியில் ஜிஎல்-5 ஊற்றினால், அதிலுள்ள அதிகப்படியான கந்தகச் சேர்மானம், கியர் மாறும்போது வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கலாம். ஐந்து நாலைவிடப் பெரிய எண் என்பதால் தரமும் உயர்ந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

அளவும் அப்படித்தான். அளவுக்கோல் இல்லாத பெட்டியில் ஆயில் வெப்பநிலையை ஸ்கேனரில் பார்க்காமல் அளவு வைப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். சூடேறினால் ஆயில் விரியும். தவறான வெப்பத்தில் வைத்த அளவு கூடவோ குறையவோதான் இருக்கும், இரண்டுமே பெட்டிக்குக் கேடு. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இந்த மாடலுக்கு எத்தனை டிகிரியில் லெவல் வைப்பீங்க?" பதில் தெரிந்தவர் உடனே சொல்வார், அல்லது பார்த்துச் சொல்கிறேன் என்பார். இரண்டும் நல்ல பதில்.

## வழி 4: இப்போது வேண்டாம், காத்திருப்போம்

கையேட்டுக் கணக்கு வரவில்லை, அறிகுறி எதுவும் இல்லை, வரலாறு கையில் இருக்கிறது என்றால் மறுப்பதில் தவறே இல்லை. என்ஜின் ஆயிலைப் போல கியர் ஆயிலில் எரிந்த புகையும் கரியும் கலப்பதில்லை. அதனால்தான் அதன் ஆயுள் அவ்வளவு நீளம்.

காத்திருப்பது மறந்துவிடுவதாக மாறும்போதுதான் செலவு வருகிறது. ஆயிலின் எதிரி சூடு. பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் ஆயில் கெடும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் கையாளும் தோராயக் கணக்கு. கெடுவது கண்ணுக்குத் தெரியாது. எனவே மறுக்கும்போதே "அடுத்து எத்தனை கிலோமீட்டரில் பார்ப்பது" என்று ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றில் மட்டும் காத்திருக்கக் கூடாது. ஆக்ஸிலின் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறது, சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கிறது என்று சொன்னால், போய்ப் பார்த்துவிட்டு உடனே செய்யுங்கள். சத்தம் வருவதற்கு முன்னால் என்றால் பூட்டும் கிரீஸும் மாற்றினால் போதும். மண்ணும் தண்ணீரும் புகுந்து டக் டக் என்று கேட்ட பிறகு முழு ஆக்ஸிலுக்கே செலவு செய்ய வேண்டியிருக்கும்.

## ஒரே பார்வையில்

| வழி | பொருந்தும் இடம் | மறைந்திருக்கும் செலவு | தவிர்க்க வேண்டிய இடம் |
|---|---|---|---|
| ஷோரூம் பேக்கேஜ் | வாரண்டியில் உள்ள டிசிடி, சிவிடி, கப்ளிங் வண்டி. கணக்கும் வந்திருக்கும்போது | கிளீனர், சேர்மானம், வண்டியில் இல்லாத பெட்டிக்கான வரி | எஸ்டிமேட்டைப் பிரித்துக் காட்ட மறுக்கும்போது |
| ஷோரூம், கையேட்டு வேலை மட்டும் | பெரும்பாலான வண்டிகள் | "ஆயுட்கால ஆயில்" என்ற வரியை நம்பிவிடுவது | நீண்ட நாள் வைத்திருக்கும் வண்டிக்கு மாற்றும் கணக்கே இல்லாதபோது |
| வெளி மெக்கானிக் | மேனுவல் கியர், டிஃபரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ். வாரண்டி முடிந்தவை | தவறான ஆயில், தவறான அளவு, எழுத்தில் ஆதாரம் இல்லாமை | வெப்பநிலை பார்த்து அளவு வைக்க வசதி இல்லாதபோது |
| காத்திருப்பது | கணக்கு வராதது, அறிகுறி இல்லாதது, வரலாறு தெரிந்தது | மறதி | பூட் கிழிந்தது, தண்ணீர் புகுந்தது, ஆயில் ஒழுகுவது |

## ஃப்ளஷ்ஷா, வடித்து ஊற்றுவதா?

செய்வது என்று முடிவான பிறகும் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் இந்த இரண்டாவது தேர்வு வரும்.

வடித்து ஊற்றினால் எல்லா ஆயிலும் வராது. என்ஜினையும் கியர் பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரிலும், ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் குழாயிலும் பெரும்பகுதி தங்கிவிடும். மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் வெளியே வரும். 40 சதவீதம் வருகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் முறைக்குப் பிறகு பழைய ஆயில் 60 சதவீதம், இடையில் கொஞ்சம் ஓட்டிவிட்டு இரண்டாம் முறை செய்தால் 36, மூன்றாம் முறைக்குப் பிறகு ஏறத்தாழ 22. ஆயில் அதிகம் செலவாகும், மூன்று முறை போகவேண்டும். ஆனால் பெட்டிக்கு எந்த அதிர்ச்சியும் இல்லை. அடித்தட்டைக் கழற்றுகிற மாடலில் காந்தத்தையும் ஃபில்டரையும் கண்ணால் பார்த்துவிடலாம்.

ஃப்ளஷ் இயந்திரம் கூலர் குழாயில் இணைந்து, பழையதை வெளியே தள்ளிப் புதியதை உள்ளே விடும். ஒரே தடவையில் ஏறத்தாழ முழு ஆயிலும் மாறிவிடும். ஆனால் அடித்தட்டைக் கழற்றாததால் ஃபில்டர் பழையதாகவே இருந்துவிடலாம். சில கார் கம்பெனிகள் தங்கள் வண்டிக்கு இந்த இயந்திரமே வேண்டாம் என்கின்றன. உங்கள் மாடலுக்கு என்ன சொல்லியிருக்கிறது என்பதே இங்கே கடைசி வார்த்தை.

நிறைய ஓடியும் ஒரு தடவைகூட ஆயில் மாற்றாத பெட்டியைத் தொடலாமா என்று பலர் பயப்படுகிறார்கள். ஆயில் மாற்றியதும் கியர் நழுவ ஆரம்பித்த கதைகள் உண்டுதான். அவற்றில் பலவும், ஏற்கெனவே நழுவ ஆரம்பித்த பிறகு கடைசி நம்பிக்கையாக ஆயில் மாற்றிய வண்டிகள் என்றே நினைக்கிறேன். அறிகுறி இல்லாத பழைய பெட்டிக்கு அடித்தட்டைக் கழற்றி, ஃபில்டர் மாற்றி, ஒரு முறை வடித்து ஊற்றச் சொல்வேன். இயந்திரம் வேண்டாம்.

## பெட்டிக்குப் பெட்டி

மேனுவல் கியரும் டிஃபரன்ஷியலும் எளிது. வடித்தால் ஏறத்தாழ முழுவதும் வந்துவிடும். பின் டிஃபரன்ஷியல் லிமிடெட் ஸ்லிப் வகையாக இருந்தால் அதற்குரிய உராய்வுச் சேர்மானம் வேண்டும். சேர்மானங்களில் நான் மறுக்காதது இது ஒன்றுதான், அதுவும் ஆயிலிலேயே கலந்து வராதபோது. சக்கரத்தின் நடுப்பகுதிக்கு மேல் தண்ணீரில் வண்டி நின்றிருந்தால், கிலோமீட்டர் கணக்கு எதுவானாலும் டிஃபரன்ஷியல் ஆயிலைத் திறந்து பாருங்கள்.

டிசிடி வாங்கியவர்கள் தங்கள் பெட்டி ஈரக் கிளட்ச்சா உலர் கிளட்ச்சா என்று தெரிந்துகொள்வது அவசியம். ஃபோக்ஸ்வாகனின் ஆறு கியர் ஈரக் கிளட்ச் பெட்டியான டிகியூ250-க்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும், அதில் பேரம் இல்லை. கிளட்ச் நனைந்து ஓடுவதே அந்த ஆயிலில்தான். அதே கம்பெனியின் ஏழு கியர் உலர் கிளட்ச் பெட்டியான டிகியூ200-க்கு அப்படியொரு தொடர் கணக்கு கிடையாது. இரண்டையும் வெளியே "டிஎஸ்ஜி" என்ற ஒரே பெயரில் சொல்கிறார்கள். அதனால் ஒருவர் பெட்டிக்கான சிபாரிசு இன்னொருவர் பில்லில் ஏறிவிடுகிறது.

டொயோட்டா வகை ஹைபிரிட் வண்டியில் சிவிடி என்று பெயர் இருந்தாலும் உள்ளே பெல்ட் கிடையாது, கோள் பற்சக்கரங்கள்தான். டார்க் கன்வெர்ட்டரும் இல்லாததால் வடித்து ஊற்றினாலே பெரும்பகுதி மாறிவிடும். அதற்கு ஃப்ளஷ் என்று எஸ்டிமேட் வந்தால் மறுத்துவிடுங்கள். மின்சாரக் காரிலும் வேகம் குறைக்கும் பற்சக்கரப் பெட்டிக்கு ஆயில் உண்டு. கையேடு என்ன சொல்கிறதோ அது.

தேவைப்படும்போது பின் அச்சை இணைத்துக்கொள்ளும் கப்ளிங் உள்ள வண்டிகள்தான் அதிகம் புறக்கணிக்கப்படுகின்றன. சிறிய பெட்டி, ஆயில் கொஞ்சம், உள்ளே கிளட்ச் தகடுகள். தேய்ந்த துகள் எல்லாம் அந்தக் கொஞ்சம் ஆயிலில்தான் சேர்கிறது. ஷோரூம் இதைச் சொன்னால், கையேட்டில் கணக்கு வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லுங்கள். லேண்ட் க்ரூசர் மாதிரியான வண்டிகளில் புரொப்பல்லர் ஷாஃப்டுக்குக் கிரீஸ் அடிக்கும் வேலையும் உண்டு. சின்ன வேலை, அதை விட்டுவிட்டால் ஷாஃப்டின் மூட்டில் உள்ள கிராஸ் தேய்ந்து டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றும்போது "டங்" என்று இடிக்கும்.

## அந்தப் போன் வரும்போது

நேரம் கேளுங்கள். "பத்து நிமிஷத்துல சொல்றேன், எஸ்டிமேட்டைப் பிரிச்சு அனுப்புங்க" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் கையேட்டின் அட்டவணையையும் கொள்ளளவுப் பட்டியலையும் பாருங்கள். பிறகு இந்த நான்கையும் கேளுங்கள்: எந்தெந்தப் பெட்டி? ஒவ்வொன்றுக்கும் எந்த ஆயில், எத்தனை லிட்டர்? கையேட்டில் எந்தப் பக்கத்துக் கணக்கு இது? நேரில் பார்த்த அறிகுறி ஏதாவது உண்டா, இருந்தால் போட்டோ அனுப்ப முடியுமா?

நல்ல அட்வைசருக்கு இந்தக் கேள்விகள் பிடிக்கும். போட்டோவோடு பதில் அனுப்பியவர்களிடம் நான் பின்னால் கேள்வியே கேட்காமல் வேலை கொடுத்திருக்கிறேன்.

செய்யச் சொன்னால், முடிந்ததும் ஜாப் கார்டில் ஆயிலின் பெயர், ஊற்றிய லிட்டர், கிலோமீட்டர், தேதி நான்கும் எழுதி வாங்குங்கள். ஊற்றிய அளவு கையேட்டில் உள்ள அளவோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பாருங்கள். முழு ஃப்ளஷ் என்று பில் போட்டுவிட்டு, வடித்து ஊற்றும் அளவுக்குத்தான் ஆயில் எழுதியிருந்தால், வண்டியை எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அதையும் காரணத்தோடு அதே ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, அடுத்துப் பார்க்கவேண்டிய கிலோமீட்டரைக் கையேட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள்.